நந்திக்கடல் சேறு பழைய கடலின் வெப்பத்தைச் சொல்லுமா?

முல்லைத்தீவில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கும் ஒருவரின் கேள்வி இது. கடலில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களின் ஓட்டைப் பார்த்து, 20,000 ஆண்டுகளுக்கு முன் கடலின் மேல்நீர் எத்தனை பாகை சூடாக இருந்தது என்று சொல்கிறார்களே, அது எப்படி? பிள்ளைகளோடு நந்திக்கடலில் ஒரு குழாயை இறக்கிச் சேறெடுத்தால் எங்கள் கடலுக்கும் அப்படிக் கணக்குப் பார்க்கலாமா? உண்மையில் அவருக்கு வேண்டியது இரண்டாவதற்கான பதில்தான், முதலாவது அதற்கு வழி. ஆகவே இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். நந்திக்கடல் சேற்றில் அந்தக் கணக்கு வராது. கரைக்கு வெளியே, ஆழக்கடலின் அடியில் கிடக்கும் சேற்றில் வரும். அங்கேயும் வெப்பத்தைவிட உப்பைப் பற்றித்தான் சுவையான சேதி கிடைக்கும்.

பேசப்படும் உயிரியின் பெயர் போராமினிபெரா. ஒரே கலம்தான், ஆனால் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில், அதாவது கல்சியம் காபனேற்றில், அறை அறையாக ஓடு கட்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று திறந்த கடலின் மேல்நீரில் மிதப்பது, மற்றது அடித்தளச் சேற்றிலும் மணலிலும் பாசியிலும் வாழ்வது. இனங்களின் எண்ணிக்கையில் அடித்தள வகை பல மடங்கு பெரியது. மேல்நீரின் கதையைச் சொல்லக்கூடியது மிதக்கும் வகைதான், ஏனென்றால் அதுதான் அந்த நீரிலிருந்து ஓடு கட்டியது. நந்திக்கடல் ஆள் இறங்கி நிற்கக்கூடிய களப்பு. மாரியில் பேராற்று வெள்ளம் வந்து ஏறக்குறைய நன்னீராகும், கோடையில் உவர் ஏறும். அம்மோனியா என்ற பேரினத்தைப் போன்ற, உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்குகிற அடித்தள வகைகளைத்தான் இப்படியான களப்புகளில் எதிர்பார்க்கலாம் (பெயரைப் பார்த்து வாயுவை நினைக்கவேண்டாம்). மிதவை இனம் ஒன்றிரண்டு அகப்பட்டாலும் அது வட்டுவாகல் வாய் திறந்திருந்தபோது அலையோடு உள்ளே வந்ததுதான்.

அந்தச் சேறு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது வேறொரு கேள்விக்கு நல்ல பதில் தரும். கறுத்த களிச் சேற்றின் நடுவே வெள்ளை மணல் படையொன்று வந்து, அதற்குள் திறந்த கடலின் ஓடுகள் இருந்தால் கடல் உள்ளே புகுந்திருக்கிறது என்று அறியலாம். 26.12.2004 ஆழிப்பேரலை அப்படி ஒரு படையை விட்டுச்சென்றிருக்க வேண்டும். அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பில் ஏழாயிரம் ஆண்டு அளவுக்கு இப்படியான படைகளைத் தேடி ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மணல்படை ஆழிப்பேரலையால் வந்ததா, 1964 டிசம்பர்ப் புயல் போன்ற ஒன்றால் வந்ததா என்று ஓட்டை மட்டும் வைத்து அறுதியாகச் சொல்ல முடியாது.

வன்னியின் மேற்குக்கரைக்கும், அதாவது மன்னார், பூநகரி, பாக்குக்குடாப் பக்கத்துக்கும், வேறொரு தடை இருக்கிறது. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் பனிப்படலங்கள் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குக்குடாவின் ஆழமோ சில பாகங்கள்தான் (ஒரு பாகம் ஆறடி). அப்போது மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கால் நனையாமல் நடந்திருக்கலாம். தரையாகக் கிடந்த இடத்தில் அந்தக் காலக் கடற்சேற்றைத் தேடிப் பயனில்லை. முல்லைத்தீவுக்குக் கிழக்கே கண்டமேடை முடிந்து சரிவு இறங்கும் இடம்தான் தேடவேண்டிய இடம். அந்த வேலைக்குக் கப்பலும், தன் பாரத்தால் சேற்றுக்குள் இறங்கி நீளமான சேற்றுத்தண்டை எடுத்துவரும் பாரக்குழாயும் வேண்டும். வங்காள விரிகுடாவில் 2014 நவம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை ஜோய்டஸ் ரெசலூஷன் என்ற துளையிடும் கப்பல் பருவமழை வரலாற்றுக்கென்றே பயணம் செய்து இப்படியான சேற்றுத்தண்டுகளை எடுத்தது.

இனி ஓட்டுக்கு வருவோம். ஓட்டில் வெப்பநிலை எழுதியிருக்காது. அதில் இருப்பது நீரின் வேதியியல். வெப்பம், உப்பு, உலகின் பனி அளவு, நீரின் காரத்தன்மை எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகப் பதிந்திருக்கும். கலந்ததைப் பிரிப்பதுதான் இந்தத் துறையின் முழு வேலையும்.

முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வழி ஒட்சிசன் சமதானி. ஒட்சிசனில் நிறை 16 உள்ளதும் 18 உள்ளதும் உண்டு. நீர் குளிரக் குளிர ஓட்டில் பாரமானது சற்றுக் கூடுதலாகச் சேரும். ஒரு பாகை குளிருக்கு ஆயிரத்தில் 0.2 சொச்சம். இதன் அடிப்படையை 1947இல் ஹரல்ட் யூரி விளக்கினார். 1955இல் சேசரே எமிலியானி ஆழ்கடல் சேற்றின் ஓடுகளை அளந்து பனியுகங்களின் வெப்பநிலை வரைபை வெளியிட்டார். 1967இல் நிக்கலஸ் ஷக்கில்ட்டன் அதைத் திருத்தினார். அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி கடல் குளிர்ந்ததால் வந்ததல்ல, இலகுவான ஒட்சிசன் தரையில் பனியாக அடைபட்டுப் போனதால் கடல்நீரே பாரமாகியதுதான் காரணம் என்றார். பனியுக உச்சத்தில் இந்தப் பங்கு மட்டும் ஆயிரத்தில் ஏறக்குறைய 1.0. இது இன்று கேள்விக்கு அப்பாற்பட்டது. அதனால்தான் ஒட்சிசன் எண் (பாரமான ஒட்சிசனின் பங்கு ஒரு நியமத்தைவிட ஆயிரத்தில் எவ்வளவு கூட அல்லது குறைய என்பது) ஒன்றை மட்டும் காட்டி யாராவது பாகைக் கணக்குச் சொன்னால், பனிக்கும் உப்புக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்கவேண்டும்.

பிரிப்பதற்கு உதவியது மக்னீசியம். சுண்ணாம்பு படியும்போது கல்சியத்தின் இடத்தில் கொஞ்சம் மக்னீசியம் புகுந்துகொள்ளும். நீர் சூடாக இருந்தால் கூடுதலாகப் புகும், பாகைக்குச் சுமார் 9 வீதம். பரவலாகப் பயன்படும் சமன்பாட்டில், மக்னீசியம்–கல்சிய விகிதம் (ஒரு மோல் கல்சியத்துக்கு எத்தனை மில்லிமோல் மக்னீசியம் என்பது) சமன் 0.38ஐ, இயற்கை மடக்கை அடியின் 0.09 பெருக்கல் வெப்பநிலை என்ற அடுக்கால் பெருக்கியது. பிள்ளைகள் கல்குலேற்றரில் போட்டுப் பார்க்கலாம். 28 பாகைக்கு 4.7 வரும், 25 பாகைக்கு 3.6. ஒரே ஓட்டுக் கூட்டத்தில் மக்னீசியத்தையும் ஒட்சிசனையும் அளந்தால் மக்னீசியம் வெப்பத்தைத் தரும். அதை ஒட்சிசன் எண்ணிலிருந்து கழித்தால் மிஞ்சுவது நீரின் சொந்த ஒட்சிசன், அதாவது பனியும் உப்பும்.

கணக்குக்காக எடுத்த எண்களில் பார்ப்போம், அளந்த தரவு அல்ல. தண்டின் மேற்புற ஓட்டில் ஒட்சிசன் எண் கழித்தல் 3.0, மக்னீசியம் 4.7. வெப்பம் 28 பாகை. ஒட்சிசனுக்கான வெப்பநிலைச் சமன்பாட்டின்படி 28இலிருந்து 14.9ஐக் கழித்து 4.8ஆல் வகுத்தால் 2.73. அதை ஓட்டின் எண்ணோடு கூட்டி, ஓட்டுக்கும் நீருக்குமான அளவுகோல் வித்தியாசம் 0.27ஐயும் சேர்த்தால் நீரின் எண் சரியாகப் பூச்சியம். இனிப் பனியுகப் படை: ஒட்சிசன் கழித்தல் 1.0, மக்னீசியம் 3.6. வெப்பம் 25 பாகை, நீரின் எண் 1.37. பனிக்கு 1.0ஐக் கழித்தால் 0.37 மிச்சம். இந்த மிச்சம்தான் உப்பு. எங்கள் கடல் போன்ற இடத்தில் உவர்ப்பு ஓர் அலகு (கிலோ நீருக்கு ஏறத்தாழ ஒரு கிறாம் உப்பு) கூடினால் நீரின் எண் ஏறத்தாழ 0.2 கூடும் என்று வைத்துக்கொண்டால், அன்றைய நீர் இன்றையதைவிட இரண்டு அலகுக்குக் கிட்ட உவர். ஆனால் மக்னீசிய வெப்பநிலையில் ஒரு பாகை பிழை சாதாரணம். ஒரு பாகை பிழைத்தால் 0.21 பிழைக்கும், அப்படியென்றால் உவர்ப்பில் ஓர் அலகு பிழைக்கும். கிடைத்த விடை இரண்டு, அதன் பிழை ஒன்றோ அதற்கு மேலோ. போக்கு எந்தப் பக்கம் என்று சொல்லலாம், தசமத்துக்குச் சொல்லமுடியாது.

அப்படியிருந்தும் எங்கள் பக்கத்தில் உப்புத்தான் பெரிய சேதி என்றேன். கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் சோளகக் காலத்து, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து, மழையை வங்காள விரிகுடாவில் கொட்டுகின்றன. அந்த இலகுவான நீர் மேற்பரப்பில் படலமாக மிதந்து, வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) தொடங்கும்போது இந்தியக் கிழக்குக்கரையோரமாக இறங்கி இலங்கையின் கிழக்கே வரும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்கிற சிலாவத்தைக் கரையில் ஒரு போத்தல் நீரும், அதே கரையில் மார்கழியில் ஒரு போத்தலும் எடுத்து இறால் பண்ணைக்காரரின் உவர்ப்புமானியில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வெப்பமோ ஆண்டு முழுக்க 26க்கும் 30க்கும் இடையில்தான் ஆடும். ஆகவே சோளகம் பலத்த காலத்தில் கடல் நன்னீர்ப்பட்டும் பலவீனமான காலத்தில் உவர்த்தும் இருந்ததா என்பதை மிதவை ஓடுகள் சொல்லும். இது கங்கைச் சமவெளியின் மழை, வன்னியின் மழையல்ல. குளங்களை நிரப்புவது வாடை மழை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன.

வேறு இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். எந்த இனம் எத்தனை வீதம் என்று எண்ணி, இன்றைய கடல்களின் வீதங்களோடு ஒப்பிட்டு வெப்பம் சொல்லும் முறையை 1971இல் இம்ப்ரியும் கிப்பும் வகுத்தார்கள். குளிர்நீர் கடல்களில் அது நன்றாக வேலை செய்யும். 27 பாகைக்கு மேலே போனால் இனங்களின் விகிதம் வெப்பத்தைவிட ஊட்டத்துக்கும் உப்புக்கும் கூடுதலாக அசைகிறது, எங்களுக்கு அவ்வளவாக உதவாது. மற்றது, காக்கோலித்து என்ற சுண்ணாம்புத் தட்டுகளைக் கட்டும் பாசிகள் விட்டுச்செல்லும் அல்கினோன் கொழுப்புகளை அளப்பது. அதுவும் 28 பாகையை அண்டும்போது நிரம்பல் அடைந்துவிடும், அதற்கு மேல் சூடானாலும் எண் அசையாது. அரபிக்கடலில், ஓமான் கரையில், குளோபிஜெரினா புல்லொய்டிஸ் என்ற இனத்தின் வீதத்தைக் கொண்டு சோளகத்தின் பலத்தைக் கணிக்கிறார்கள். அங்கே காற்று அடிநீரைக் குளிரோடும் ஊட்டத்தோடும் மேலே இழுக்கும், அந்த இனம் அதில் பெருகும். அதே கணக்கை முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்தால் பிழைக்கும்.

ஆய்வுகூட வேலையில்தான் பெரும்பாலான முடிவுகள் கெடுகின்றன. தண்டை 1 செ.மீ. வில்லைகளாக வெட்டி 40 பாகைக்கு மேற்போகாமல் உலர்த்தி, 10 கிறாம் நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஓரிரவு ஊறவிடவேண்டும். குழாய்நீர் சற்று அமிலமாக இருந்தால் மெல்லிய ஓடுகள் அரிபடும். களி கலையவில்லையென்று ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றி மறந்துவிட்டால் அதுவும் அரிக்கும். பிறகு 63 மைக்ரோமீற்றர் அரிதட்டில், பூவாளி போலச் சன்னமாக நீர் விட்டுக் கழுவவேண்டும். விரலால் தேய்க்கக்கூடாது. ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் அரிதட்டை மெதிலீன் நீலத்தில் தோய்த்தெடுப்பது பழைய தந்திரம். முந்தைய மாதிரியின் ஓடு கண்ணறையில் சிக்கியிருந்தால் நீலமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதைத் தவிர்த்தால் பனியுகப் படைக்குள் இன்றைய ஓடு புகுந்துவிடும், பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

உலர்ந்ததை 250க்கும் 355 மைக்ரோமீற்றருக்கும் இடைப்பட்ட பருமனாகச் சலித்து, கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் தூவி, நுணுக்குக்காட்டியின் கீழ் நனைத்த 000 இலக்கத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். எங்கள் கடலுக்கு ஏற்ற இனம் குளோபிஜெரினொய்டிஸ் ரூபர், வெள்ளை வகை. பார்க்க மூன்று உருண்டைகளை ஒட்டிவைத்ததுபோல இருக்கும். பெரிய வாய்த்துளை ஒன்றும், முதுகில் இரண்டு சிறிய துளைகளும் அறைகள் சந்திக்கும் மடிப்பிலேயே நேராக அமைந்திருக்கும். உடலுக்குள் ஒளிச்சேர்க்கைப் பாசிகளை வைத்திருப்பதால் வெளிச்சம் உள்ள மேல்நீரை விட்டு இறங்காது. இளஞ்சிவப்பு வகை ஒன்றும் உண்டு. அத்திலாந்திக்கில் இன்றும் வாழ்கிறது, இந்து, பசிபிக் சமுத்திரங்களில் சுமார் 120,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோனது. தண்டில் இறங்கிக்கொண்டு போகும்போது சிவப்பு ஓடு தொடர்ந்து தென்படத் தொடங்கினால் அந்த எல்லையைக் கடந்துவிட்டோம் என்று பொருள். இலவசமாகக் கிடைக்கும் காலக்குறி.

ஒட்சிசனுக்கு 10 முதல் 20 ஓடு போதும். மக்னீசியத்துக்கு 30 முதல் 50 வேண்டும், ஓர் ஓடு பத்து மைக்ரோகிறாம் அளவுதான் இருக்கும். பொறுக்கியதை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் மெல்ல அமர்த்தி அறைகள் எல்லாம் திறக்க உடைக்கவேண்டும். மாவாக்கக்கூடாது. ஏனென்றால் வங்காள விரிகுடாவில் அறைக்குள் அடைந்திருப்பது இமயமலைக் களிமண், அதில் மக்னீசியம் ஏராளம். கொஞ்சம் மிஞ்சினாலும் கடல் பல பாகை சூடாக இருந்ததுபோலக் காட்டும். மீயொலித் தொட்டியில் தூய நீரால் பலமுறை, மெதனோலால் இருமுறை, மேலே எழும் பால்போன்ற கலங்கல் நிற்கும் வரை கழுவவேண்டும். அடுத்து, காரம் சேர்த்த 1 வீத ஐதரசன் பேரொட்சைட்டில் பத்து நிமிடம் சூடாக்கிச் சேதனப்பொருளை நீக்கி, இறுதியில் 0.001 மோலர் நைத்திரிக்கமிலத்தில் அரை நிமிடம். கழுவியது போதுமா என்று அறிய அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்து அளக்கவேண்டும். இரும்பு–மக்னீசிய மோல் விகிதம் 0.1ஐத் தாண்டினால் அந்த எண்ணைத் தூக்கியெறிவதே நல்லது. இந்த இரண்டு மூலகங்களையும் வெளியிடாத கட்டுரையின் வெப்பநிலையை நான் நம்பமாட்டேன்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மிக ஆழத்தில் நீர் சுண்ணாம்பைக் கரைக்கும், மக்னீசியம் கூடிய பகுதிதான் முதலில் கரையும், எனவே கடல் குளிராக இருந்ததுபோலத் தெரியும். ஓர் ஓட்டின் சராசரி நிறை தண்டில் கீழே போகப்போகக் குறைகிறதா என்று நிறுத்துப் பார்ப்பது இதற்கு எளிய சோதனை.

காலம் குறிப்பது தனி வேலை. சுமார் 50,000 ஆண்டு வரை கதிர்க்காபன் உதவும். ஆனால் கடல்நீரின் காபனுக்கே சில நூறு ஆண்டு வயது இருப்பதால் அதைக் கழிக்கவேண்டும், அந்தக் கழிவு இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறும். அதோடு, கடலடிப் புழுக்கள் மேல் 10 செ.மீ. சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு 2 செ.மீ. படியும் இடமென்றால், கையிலுள்ள முப்பது ஓடுகளும் ஐயாயிரம் ஆண்டுப் பரப்பிலிருந்து வந்திருக்கலாம். அப்படியான தண்டில் நூற்றாண்டு வரட்சியைத் தேடுவது வீண். வேகமாகப் படியும் ஆற்றுமுகச் சரிவுகளையே ஆய்வாளர்கள் தேடிப்போவது இதனால்தான்.

இன்னும் தீராத ஐயங்களில் பெரியது பருவம். ரூபர் ஒன்றின் ஆயுள் சில கிழமைதான். ஓடுகளில் பாதிக்கு மேல் வாடைக்காலத்தில் கட்டப்பட்டிருந்தால், கிடைக்கும் சராசரி ஆண்டுச் சராசரியாக இராது. பனியுகத்தில் அந்தப் பருவமே இடம் மாறியிருந்தால், அந்த மாற்றம் வெப்ப மாற்றம்போல வேடமிடும். உப்பும் காரத்தன்மையும் மக்னீசியத்தை நேரடியாகவே சற்று அசைக்கின்றன, உவர்ப்பு ஓர் அலகுக்குச் சில வீதம். வெப்பத்தை எடுத்து உப்பைக் கணக்கிடுகிறோம், அந்த உப்பே வெப்பத்தைக் குழப்புகிறது. திருத்தச் சமன்பாடுகள் இருக்கின்றன, எதைத் தேர்ந்தாலும் விடை அரைப்பாகையாவது நகரும்.

பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடியது என்ன? மிதவை ஓடுகளை எதிர்பார்க்காமல் அடித்தள ஓடுகளைப் பார்க்கத் தொடங்குங்கள். அலை விட்டுச்செல்லும் கடைசிக் கோட்டில், மேலிருக்கும் இரண்டு மில்லிமீற்றர் மணலை மட்டும் வழித்தெடுங்கள். கொக்கிளாய்ப் பக்கம் போல இல்மனைற்றுக் கருமணல் கூடிய இடமென்றால் அது பாரத்தோடு அடியில் நிற்கும், ஓடு தேடுவதற்கு அதுவும் வசதிதான். நன்னீரில் உப்புப் போகக் கழுவி, நிழலில் பொடியாக உலரவிட்டு, ஒரு பீங்கானில் நீர் வைத்து மேலே மெல்லத் தூவுங்கள். அறைக்குள் காற்று அடைந்த ஓடுகள் சிறிதுநேரம் மிதக்கும், மணல் தாழும். மிதப்பதை வடிதாளால் ஒற்றியெடுத்துக் கறுப்புக் கடதாசியில் தட்டி, பத்து மடங்கு வில்லையால் பாருங்கள். அப்பிரகத் தகடும் மிதக்கும், ஆனால் அது பளபளக்கும், அதில் அறைகள் இராது. ஐயமான ஒன்றில் தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டால் சுண்ணாம்பென்றால் நுரைக்கும். அந்த ஓடு அதோடு போய்விடும், ஆகவே நல்லதில் விடவேண்டாம். களப்புச் சேற்றையும் எடுப்பதாக இருந்தால் அன்றே கழுவிவிடுங்கள். அழுகின முட்டை மணக்கும் கறுத்த சேற்றில் இரும்புச் சல்பைட்டு இருக்கும். ஈரத்தோடு போத்தலில் மாதக்கணக்கில் வைத்தால் அது காற்றுப்பட்டுக் கந்தகவமிலமாகி ஓடுகளைக் கரைத்து, அந்த இடத்தில் ஊசி ஊசியாக ஜிப்சப் பளிங்குகளை விட்டுவைக்கும்.